அபாச்சி என்றால் எந்த அபாச்சி?

தேடுபொறியில் 'அப்பாச்சி' என்று தமிழில் தட்டிப் பாருங்கள். ஒரு பைக் வரும். அதன் விலையும் மைலேஜும் வரும். பாலைவனத்தின் மேல் மூக்கைத் தாழ்த்திப் பறக்கும் போர் ஹெலிகாப்டர் வரும். வெப் சர்வரை நிறுவுவது எப்படி என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லித்தருவார். இவற்றுக்கு நடுவே யாழ்ப்பாணத்து அப்பாச்சி ஒருவர் சட்டியில் கூழ் கிண்டிக்கொண்டிருப்பார்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு மூத்த உரிமை அந்தக் கடைசி அப்பாச்சிக்குத்தான். ஈழத்தில் அப்பாவைப் பெற்ற ஆச்சி அப்பாச்சி. அம்மாவைப் பெற்றவர் அம்மம்மா. மற்றவை எல்லாம் கடல் கடந்து வந்த வேறொரு சொல். ஓசை ஒத்துப்போனது தற்செயல். பாட்டியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதால், அந்த வெளிநாட்டுச் சொல்லை இங்கே ஒற்று நீக்கி 'அபாச்சி' என்றே எழுதுகிறேன்.

அபாச்சி முதலில் மனிதர்களின் பெயர். அமெரிக்காவின் தென்மேற்கில், இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் வடக்கு மலைகளிலும் வாழ்ந்த பழங்குடிகளை மற்றவர்கள் அழைத்த பெயர். அவர்கள் ஒரே தலைவருக்குக் கட்டுப்பட்ட ஒற்றை இனமாக இருந்ததில்லை. சிரிகாவா, மெஸ்கலேரோ, ஹிகரியா, லிபான், மேற்கு அபாச்சி என்று பல குழுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னக் கூட்டங்கள். ஒரு கூட்டத்தின் தலைவர் கொடுத்த வாக்கு அடுத்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தாது. இது புரியாமல், ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டுவிட்டு எல்லோரும் மீறிவிட்டதாக வெள்ளையர் அரசு கோபித்துக்கொண்ட கதைகள் ஏராளம். அவர்களின் மொழிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. நவஹோ மொழியும் அதே வீட்டுப் பிள்ளைதான். அந்த மொழிக் குடும்பத்தின் மற்ற கிளைகளோ பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் இருக்கின்றன. முன்னோர் வடக்கிலிருந்து நகர்ந்து வந்தவர்கள் என்று மொழியியலாளர்கள் சொல்வது அதை வைத்துத்தான்.

பெயர் ஏட்டில் ஏறியது 1598-இல், ஹுவான் தே ஓன்யாதே தலைமையில் ஸ்பானியர்கள் அந்த நிலத்துக்குள் நுழைந்தபோது. பக்கத்தில் வாழ்ந்த ஸூனி மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது பரவலான விளக்கம். 'பகைவர்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வேறு மூலம் காட்டுபவர்களும் உண்டு. எப்படியானாலும் அவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. இந்தே, ந்தே, தினே என்று குழுவுக்குக் குழு சற்றே மாறும் சொல்லால் தங்களைக் குறிக்கிறார்கள். 'மக்கள்' என்று பொருள். சண்டைக்கார அண்டை வீட்டார் வைத்த பெயரே ரேஷன் கார்டில் ஏறிவிட்டது போலத்தான் இது.

அவர்களில் உலகமே அறிந்த மனிதர் ஜெரோனிமோ. அதுவும் அவர் பெயர் இல்லை. தாய்மொழியில் அவர் கோயாத்லே, 'கொட்டாவி விடுபவர்'. ஜெரோனிமோ என்பது மெக்சிகோக்காரர்கள் வைத்தது. 1886 செப்டம்பர் 4 அன்று ஸ்கெலிட்டன் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் ஜெனரல் நெல்சன் மைல்ஸிடம் அவர் சரணடைந்தபோது, பெண்கள், குழந்தைகள் உட்பட நாற்பது பேர்கூட உடன் இல்லை. அவர்களைத் தேடி மலை மலையாக அலைந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 5,000 பேர். சரணடைந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. சிரிகாவா மக்களை ரயிலில் ஏற்றி முதலில் ஃபுளோரிடாவுக்கும், பிறகு அலபாமாவுக்கும், கடைசியில் ஓக்லஹோமாவுக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக வேலை பார்த்து, ஜெரோனிமோவைக் கண்டுபிடித்துக் கொடுத்த அபாச்சிகளும் அந்த ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். 1913 வரை, 27 ஆண்டுகள், அவர்கள் எல்லோரும் போர்க்கைதிகள். அங்கே பிறந்த குழந்தையும் பிறக்கும்போதே போர்க்கைதி. ஜெரோனிமோ 1909-இல் கைதியாகவே இறந்தார்.

ஆட்களை அடைத்து வைத்திருந்த அதே ஆண்டுகளில் பெயர் மட்டும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. அதன் முதல் பெரிய பயணம் பாரிஸுக்கு. 1900 வாக்கில் அந்நகரத்தின் தெருக் கும்பல்களைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் அவர்களுக்கு அபாச்சிகள் என்று பெயரிட்டன. பிரெஞ்சு வாயில் அது 'அபாஷ்' ஆயிற்று. அமேலி எலி என்ற பெண்ணுக்காக மாண்டா, லெக்கா என்ற இரு கும்பல் தலைவர்கள் மோதிக்கொண்ட வழக்கு 1902-இல் பத்திரிகைகளுக்குத் தீனியாக, பெயரும் நிலைத்தது. அபாஷ் ரிவால்வர் என்று ஒன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது: விரல்களில் மாட்டிக் குத்தும் இரும்பு வளையமே கைப்பிடி, பக்கத்தில் மடக்குக் கத்தி, நடுவில் தோட்டா உருளை. குழல் கிடையாது. எதிரியின் சட்டையைப் பிடிக்கும் தூரத்தில் நின்று சுட்டால்தான் படும். கும்பல்காரனும் அவன் காதலியும் இழுத்துத் தள்ளிச் சண்டையிடுவது போன்ற அபாஷ் நடனம் ஒன்று மேடைகளில் பரவியது. மௌரிஸ் ராவெல் உள்ளிட்ட இசைக்காரர்களின் நட்பு வட்டம் ஒன்றும் வேடிக்கையாகத் தன்னை 'அபாஷ்கள்' என்று அழைத்துக்கொண்டது. தெருவில் இவர்கள்மேல் மோதிக்கொண்ட பேப்பர் விற்பவன் அப்படிக் கத்தினான் என்று கதை. இவர்களில் எவருக்கும் அரிசோனாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஹெலிகாப்டருக்கு உறவு உண்டு, கசப்பான உறவு. அமெரிக்க ராணுவம் தன் ஹெலிகாப்டர்களுக்குப் பழங்குடிகளின் பெயரையோ அவர்களின் தலைவர்களின் பெயரையோ வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டது. சினூக், கயோவா, லகோட்டா, பிளாக் ஹாக் எல்லாம் அந்த வரிசைதான். ஹ்யூஸ் நிறுவனம் உருவாக்கி 1975 செப்டம்பர் 30 அன்று முதன்முதலாகப் பறந்த ஏஎச்-64 தாக்குதல் ஹெலிகாப்டருக்கு அபாச்சி என்ற பெயர் விழுந்தது. ஹ்யூஸ் பின்னர் மெக்டானல் டக்ளஸ் கைக்கும், அது போயிங் கைக்கும் போனதால் இன்று இது போயிங் அபாச்சி. முன் இருக்கையில் ஆயுதங்களை இயக்குபவர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் விமானி. ஹெல்மெட்டிலிருந்து நீளும் சின்னக் கண்ணாடி ஒன்று வலது கண்ணுக்கு முன்னால் நிற்கும். இருட்டில் வெப்பத்தைக் காட்டும் படம் அந்தக் கண்ணுக்கு. வெளியே இருக்கும் நிஜ இருட்டும் கருவிப் பலகையும் இடது கண்ணுக்கு. இரண்டு கண்ணும் இரண்டு வெவ்வேறு உலகத்தைப் பார்க்க மூளையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பினால், வயிற்றுக்கு அடியில் உள்ள 30 மில்லிமீட்டர் பீரங்கியும் கூடவே திரும்பும். 1991 வளைகுடாப் போரின் முதல் இரவில் ஈராக்கின் ரேடார் நிலையங்களைத் தகர்த்து வழி திறந்தவை இவைதான்.

இந்திய விமானப்படையில் முதல் எட்டு அபாச்சிகள் 2019 செப்டம்பர் 3 அன்று பதான்கோட்டில் சேர்க்கப்பட்டன. மொத்தம் வாங்கியது 22. தரைப்படைக்குத் தனியாக ஆறு வாங்கினார்கள். அவற்றில் முதல் மூன்று 2025 ஜூலையில் வந்திறங்கின. அபாச்சியின் உடற்கூட்டைச் செய்யும் ஆலை ஒன்று ஹைதராபாத்தில் டாட்டாவும் போயிங்கும் சேர்ந்து நடத்துவது.

துரத்திப் பிடித்தவர்களின் பெயரையே போர்க்கருவிக்கு வைப்பதை மரியாதை என்கிறது ராணுவம். பழங்குடிகளிலேயே அதைப் பெருமையாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு; அவர்களில் பலர் அந்த ராணுவத்திலேயே பணியாற்றியவர்கள். எனக்கு அந்த வாதம் முழுதாக இறங்குவதில்லை. 2011-இல் ஒசாமா பின்லேடனைத் தேடிக் கொன்ற நடவடிக்கையில் 'ஜெரோனிமோ' சங்கேதச் சொல்லாகப் பயன்பட்டது வெளியே தெரிந்தபோது, ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் அபாச்சி மக்களின் தலைவர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதி, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

கணினித் துறைக்குள் புதிதாக வருபவரைத் திணறடிப்பது அடுத்த அபாச்சி. மற்றவையெல்லாம் ஆளுக்கொரு பொருள். இங்கே மட்டும் ஒரே பெயருக்குள் மூன்று: ஒரு மென்பொருள், ஓர் அறக்கட்டளை, ஓர் உரிமம்.

மென்பொருளிலிருந்து தொடங்குவோம். அது ஒரு வெப் சர்வர். நீங்கள் ஒரு தளத்தின் முகவரியைத் தட்டியதும் உங்கள் உலாவி எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு 'இந்தப் பக்கம் வேண்டும்' என்று சீட்டு அனுப்புகிறது. அந்தக் கணினியில் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டை வாங்கி, அலமாரியில் தேடி, கோப்பை எடுத்து நீட்டும் எழுத்தர்தான் வெப் சர்வர். கோப்பு கிடைத்தால் 200 என்று குறித்துக் கொடுப்பார். கிடைக்காவிட்டால் 404. இடம் மாறிப்போயிருந்தால் 301 என்று புது முகவரியைச் சொல்வார். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் 500. ஜன்னலுக்கும் எண் உண்டு: சாதாரணச் சீட்டுகளுக்கு 80, பூட்டுச் சின்னத்தோடு வரும் பாதுகாப்பான சீட்டுகளுக்கு 443. வருகிற ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, எதைக் கேட்டது, என்ன கொடுத்தோம். அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் தளத்தின் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

கல்லூரி நாட்களில் நான் முதன்முதலாக அபாச்சியை என் கணினியில் நிறுவியபோது அது எழுந்திருக்கவே இல்லை. 80-ஐப் பிடிக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. இரண்டு முறை அழித்து நிறுவினேன். விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அடுத்த அறை நண்பன் வந்து பார்த்துச் சிரித்தான். அரட்டை அடிக்க வைத்திருந்த வேறொரு மென்பொருள் எனக்கு முன்பே அந்த ஜன்னலில் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு ஜன்னலில் இரண்டு எழுத்தர் உட்கார முடியாது. அமைப்புக் கோப்பைத் திறந்து, 'லிசன் 80' என்றிருந்த வரியை 'லிசன் 8080' என்று மாற்றினான். உலாவியில் வெள்ளைப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இரண்டே சொல் வந்தது: 'இட் வொர்க்ஸ்!' அபாச்சி நிறுவிய பலருக்கும் அந்தப் பக்கம் நினைவிருக்கும்.

இந்த எழுத்தர் பிறந்த கதையும் சுவையானது. இலினாய் பல்கலைக்கழகத்தில் உள்ள என்சிஎஸ்ஏ என்ற கணினி ஆய்வு மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய ஒரு வெப் சர்வரைத்தான் ஆரம்பத்தில் பலர் பயன்படுத்தினார்கள். 1994-இல் அவர் அங்கிருந்து போய்விட, நிரலைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பயன்படுத்தியவர்களே பழுது பார்த்து, திருத்தங்களை மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து அந்த ஒட்டுகளை எல்லாம் ஒன்றாகத் தைத்து 1995 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ஒரே ஆண்டில் உலகில் அதிகம் பயன்படும் வெப் சர்வர் அதுவாகிவிட்டது. இன்று அந்த இடம் அதற்கு இல்லை. என்ஜின்எக்ஸ் போன்றவை முந்திவிட்டன. ஆனாலும் லினக்ஸ் என்ற இயங்குதளம், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம், பிஎச்பி என்ற நிரல்மொழி ஆகியவற்றோடு கைகோத்து ஒரு காலத்து வலையுலகில் பெரும்பகுதியைத் தாங்கியது அபாச்சிதான்.

பெயர்க் காரணமாக இரண்டு கதைகள் உலவுகின்றன. ஆங்கிலத்தில் ஒட்டுக்குப் 'பேட்ச்'. ஒட்டுப்போட்ட சர்வர் 'எ பேட்ச்சி சர்வர்'. வேகமாகச் சொல்லுங்கள், அபாச்சி சர்வர். நிறுவனர்களில் ஒருவரான பிரையன் பெலன்டார்ஃப் சொல்வது வேறு: அமெரிக்க அரசிடம் கடைசியாகப் பணிந்தவர்கள் என்று அபாச்சி மக்கள்மேல் இருந்த மதிப்பில் அந்தப் பெயரைத் தேர்ந்தேன், சிலேடை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று. நல்ல சிலேடை என்னவோ உண்மைதான். கற்றுத்தருபவர்கள் எல்லோரும் அதையே சொல்வதில் வியப்பில்லை.

1999-இல் அந்தக் குழுவினர் அபாச்சி மென்பொருள் அறக்கட்டளை என்ற லாபநோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்தார்கள். இங்கேதான் பெயர் இரண்டாகப் பிரிகிறது. அறக்கட்டளையின் குடையின்கீழ் வந்த ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்னால் அபாச்சி என்ற அடைமொழி சேர்ந்தது: அபாச்சி ஹடூப், அபாச்சி காஃப்கா, அபாச்சி ஸ்பார்க், அபாச்சி டாம்கேட், அபாச்சி கசாண்ட்ரா. இவற்றின் வேலைகள் வேறு வேறு. காஃப்கா ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை ஓடையாக ஓடவிடும். ஸ்பார்க் மலை போன்ற தரவைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுக் கணக்குப் போடும். வெப் சர்வர் வேலையைச் செய்வது அங்கே காஃப்காவும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. வேலை விளம்பரத்தில் 'அபாச்சி காஃப்கா தெரிந்திருக்க வேண்டும்' என்று இருந்தால், வெப் சர்வரை நிறுவத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: அபாச்சி தனியாக நின்றால் வெப் சர்வர், பின்னால் இன்னொரு பெயர் வந்தால் அறக்கட்டளையின் வேறொரு திட்டம்.

2021 டிசம்பரில் இந்தக் குழப்பம் பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. 'அபாச்சி மென்பொருளில் பெரும் பாதுகாப்பு ஓட்டை' என்று செய்தி பரவ, அபாச்சி சர்வர் வைத்திருந்தவர்கள் பதறினார்கள். ஓட்டை இருந்தது அபாச்சி லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நிரல் நூலகத்தில். வெப் சர்வர் எழுதப்பட்டிருப்பது சி மொழியில். அதற்குள் அந்த நூலகம் இல்லை. அதே கணினியில் ஜாவா மென்பொருள் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பதற்றம் நியாயமானது. மற்றவர்கள் பெயரைப் பார்த்துப் பயந்தவர்கள்.

மூன்றாவது, அபாச்சி உரிமம். இப்போது வழக்கில் இருப்பது 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பு. இந்த உரிமத்தில் வரும் நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். தான் மாற்றியதை ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உரிமக் குறிப்பை அழிக்கக் கூடாது, திருத்திய கோப்புகளில் திருத்தியதாகச் சொல்ல வேண்டும். நிரலை எழுதியவர் தன் காப்புரிமையை (பேட்டன்ட்) காட்டிப் பின்னால் வழக்குப் போடாமலிருக்கவும் அதில் ஏற்பாடு உண்டு. பெரிய நிறுவனங்கள் இதை விரும்புவதற்கு அது முக்கியக் காரணம். இந்த உரிமத்தை யாரும் தங்கள் படைப்புக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டின் பெரும்பகுதியும், பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸும் அபாச்சி உரிமத்தில் வருபவை. இரண்டும் அறக்கட்டளையைச் சேர்ந்தவை அல்ல.

2023 ஜனவரியில், தொழில்நுட்பத் துறையில் உள்ள பழங்குடியினரின் அமைப்பு ஒன்று, பெயரை மாற்றுங்கள் என்று அறக்கட்டளையிடம் வெளிப்படையாகக் கேட்டது. பெயர் வைக்கும்போது எங்களில் யாரிடமாவது கேட்டீர்களா, நாங்கள் அழிந்துபோன இனம் என்பது போல எங்கள் இறகைச் சின்னமாக்கிக் காசு சேர்க்கிறீர்களே என்பது அவர்களின் வாதம். அறக்கட்டளை பெயரை முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் அதே ஆண்டில் தன் மாநாட்டின் பெயரிலிருந்து அபாச்சியை எடுத்தது. 2025-இல் இறகுச் சின்னத்தைக் கைவிட்டு ஓக் மர இலைக்கு மாறியது. ஆயிரக்கணக்கான கோப்புகளிலும் கட்டளைகளிலும் ஊறிப்போன பெயரைப் பிடுங்குவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். கேள்வி மட்டும் சரியானது.

தமிழ்நாட்டுச் சாலையில் அபாச்சி என்றால் சந்தேகமே இல்லை, டிவிஎஸ் பைக். ஓசூரில் தலைமை ஆலையை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார், 2005-இல் 150 சிசி பைக் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. பிறகு ஆர்டிஆர் வரிசை வந்தது. 'ரேசிங் த்ராட்டில் ரெஸ்பான்ஸ்' என்பதன் சுருக்கம். ஓட்டுகிறவர்கள் பல நேரம் அபாச்சியைக்கூட விட்டுவிட்டு ஆர்டிஆர் என்று மட்டும் சொல்வார்கள். பழங்குடிக்கும் பைக்குக்கும் உறவு, வேகம், வீரம் என்ற பழைய படிமம் மட்டுமே.

அபாச்சி என்ற எண்ணெய் நிறுவனமும் இருக்கிறது. 1954-இல் மினியாபோலிஸில் தொடங்கியது. ஆண்டர்சன், பிளாங்க், அர்னாவ் என்ற மூன்று நிறுவனர்களின் முதலெழுத்துகளை வரிசையாக வைத்தால் ஆங்கிலத்தில் 'ஏபிஏ'. அதன் வாலில் மீதி எழுத்துகளை ஒட்டினார்கள். எண்ணெய் விற்கப் பெயர் தேடியவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லலாம். இப்போது தாய் நிறுவனத்துக்கு அந்த மூன்று எழுத்து மட்டுமே பெயர்.

எனக்குப் பிடித்த அபாச்சி ஒரு மீன். அரிசோனாவின் கிழக்கில் வெள்ளை மலைகள் என்று அழைக்கப்படும் உயர்ந்த பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் அபாச்சி டிரௌட். வயிறு மஞ்சள் பொன்னிறம், உடலெங்கும் கரும்புள்ளிகள். கண்மணியின் இருபுறமும் ஒவ்வொரு கரும்புள்ளி இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடி போட்டது போலிருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் இதைத் தின்றும், இதனோடு கலந்து இனம் மாற்றியும், ஒரு கட்டத்தில் அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டன. அமெரிக்க அரசு அதைக் காக்கச் சட்டம் போடுவதற்கு முன்பே, 1950-களிலேயே, வெள்ளை மலை அபாச்சி மக்கள் தங்கள் நிலத்தில் அந்த மீன் மிஞ்சியிருந்த ஓடைகளில் மீன்பிடியை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓடைகளின் குறுக்கே தடுப்புகள் கட்டி வெளி மீன்கள் மேலே ஏறாதபடி செய்தார்கள். எடுத்து வளர்த்துத் திரும்ப விட்டார்கள். 2024 செப்டம்பரில் அது அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் மீன்களில் இப்படி மீண்டு வெளியே வந்த முதல் மீன். அந்த மக்களின் நிலத்தில் தூண்டில் போட வேண்டுமானால் இன்றும் அவர்களிடம்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.